சட்டைப் பைக்குள் ஒரு கணையம்

சர்க்கரையைத் தானே அளந்து இன்சுலினைத் தானே செலுத்தும் கருவிகள் வந்துவிட்டன. அவை உருவானதில் நிறுவனங்களுக்கு இருக்கும் பங்கு, பொறுமை இழந்த நோயாளிகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு. இந்தியாவில் தடையாக நிற்பது விலை மட்டும் அல்ல.

நாள் ஒன்றுக்கு 288 முறை அது ஒரே கேள்வியைக் கேட்கிறது: இப்போது சர்க்கரை எவ்வளவு? ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இரவு பகல் பாராமல். பதில் கிடைத்ததும் ஒரு சின்னக் கணக்கு. சர்க்கரை ஏறுகிறதா, இறங்குகிறதா, இன்னும் அரை மணியில் எங்கே போய் நிற்கும்? கணக்கு முடிந்ததும் இடுப்பில் இருக்கும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பம்ப் ஒரு துளியின் சிறு பகுதி அளவுக்கு இன்சுலினைச் செலுத்துகிறது. அல்லது செலுத்தாமல் நிறுத்திக்கொள்கிறது. ஆரோக்கியமான மனிதனின் வயிற்றில், இரைப்பைக்குப் பின்னால், சத்தமே இல்லாமல் கணையம் செய்துகொண்டிருக்கும் வேலை இதுதான்.

அந்த வேலையைக் கணையம் கைவிட்டுவிட்டவர்களுக்காகத்தான் இந்தக் கருவி. முதல் வகை சர்க்கரை நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே தவறிப்போய், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ வாலிபத்திலோ வரும் இந்த நோய்க்கும், அதிகம் இனிப்பு தின்றதற்கும் சம்பந்தமில்லை. தாத்தாவுக்கு அறுபது வயதில் வந்த சர்க்கரைக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. தாத்தா மாத்திரையில் காலம் தள்ளலாம். எட்டு வயதுப் பேத்திக்கு இன்சுலின் நின்றால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் கணக்குச் சொன்னது. சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. இந்தப் பெரும் கூட்டத்துக்கு நடுவே முதல் வகை நோயாளிகள் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் அவர்களும் சிலர் அல்ல. சர்வதேச மதிப்பீடுகளின்படி இந்தியாவில் 8 லட்சத்துக்கு மேல். 20 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் சுமார் 2.29 லட்சம் என்று 2021ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு மதிப்பிட்டது.

கத்தி மேல் நடை

இன்சுலின் ஊசி போட்டால் தீர்ந்துவிடக்கூடிய பிரச்சினைதானே என்று தோன்றும். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டபோது உலகமும் அப்படித்தான் நினைத்தது. அதுவரை பட்டினி போட்டு மட்டுமே நாட்களை நீட்டிக்க முடிந்த குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவர்களுக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக் கண் போயிற்று, சிறுநீரகம் போயிற்று, கால் போயிற்று.

காரணம் 1993ல் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளை வைத்து ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவு அந்த ஆண்டில் வெளியாயிற்று. சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரகத்துக்கும் நரம்புகளுக்கும் அதே போல நல்ல பலன். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: கறாராக இருந்தவர்களுக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து போவது மூன்று மடங்கு அதிகம்.

முதல் வகை நோயாளியின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையேதான். சர்க்கரை ஏறினால் உறுப்புகள் மெல்ல மெல்லக் கெடும். தாழ்ந்தால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நினைவு தப்பி, வலிப்பு வந்து, அரிதாக உயிரே போகலாம். இரவில் தூக்கத்தில் தாழ்ந்தால் நோயாளிக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதனால்தான் இந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் குழந்தையின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஆண்டுக்கணக்கில்.

முதுகுச் சுமையிலிருந்து

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் யோசனை புதிதல்ல. 1960களின் தொடக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் ஆர்னால்ட் கேடிஷ் ஒரு கருவி செய்தார். முதுகில் மூட்டை போலச் சுமக்க வேண்டும். 1970களில் வந்த 'பயோஸ்டேட்டர்' ரத்தத்தை நேரடியாக நரம்பிலிருந்து எடுத்து அளந்து இன்சுலினைத் தானே செலுத்தியது. ஆனால் அது மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் அலமாரி போல நின்றது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

தேவைப்பட்டவை மூன்று: சிறிய பம்ப், நம்பகமான சென்சார், இரண்டையும் இணைக்கும் மூளை. பம்ப் முதலில் வந்தது. சென்சாருக்கான வித்து 1962ல் விழுந்தது. குளூக்கோஸோடு வினை புரியும் ஒரு நொதியை மின்முனையில் பூசினால் சர்க்கரையின் அளவை மின்னோட்டமாகப் படிக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் காட்டினார். அந்த நொதியைத் தலைமுடி போன்ற மெல்லிய இழையில் பூசித் தோலுக்கு அடியில் செருகும் நிலைக்கு வர இன்னும் 37 ஆண்டுகள் பிடித்தன. 1999ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவி மூன்று நாள் அளவுகளைப் பதிவு செய்தது. ஆனால் அணிந்திருப்பவர் அவற்றைப் பார்க்க முடியாது. பிறகு மருத்துவர்தான் கணிப்பொறியில் போட்டுப் பார்ப்பார்.

சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையே ஊறும் திரவத்தை. ரத்தத்தில் ஏறியது அங்கே தெரிய ஐந்து, பத்து நிமிடம் ஆகும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது இந்தத் தாமதமே கவலைக்குரியது. எனவே தற்போதைய அளவோடு, போக்கையும் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்கும் சூத்திரங்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் போரிஸ் கோவாச்சேவ், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோமன் ஹோவொர்கா, பாஸ்டனில் எட் டாமியானோ என்று பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். டாமியானோவுக்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. அவர் மகனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இந்த நோய் வந்துவிட்டது.

'நாங்கள் காத்திருக்கப் போவதில்லை'

ஆராய்ச்சிக்கூடம், சோதனை, அரசு அனுமதி என்று எல்லாம் அதனதன் வேகத்தில் நகர்ந்தன. குழந்தைகளோ ஒவ்வோர் இரவையும் கடக்க வேண்டியிருந்தது.

நியூயார்க் மாநிலத்தில் பல்பொருள் அங்காடி ஒன்றில் மென்பொருள் பொறியாளராக இருந்த ஜான் காஸ்டிக்கின் மகனுக்கு 2012ல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பையனுக்கு வயது நான்கு. உடம்பில் சென்சார் இருந்தது. ஆனால் அளவைக் காட்டும் சிறு பெட்டி பையனோடு பள்ளிக்குப் போய்விடும். அலுவலகத்தில் இருக்கும் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. காஸ்டிக் அந்தப் பெட்டியின் ரகசிய மொழியைப் பிரித்துப் படித்து, ஒரு செல்போன் மூலம் அளவுகளை இணையத்துக்கு அனுப்ப வழி செய்தார். தான் எழுதிய நிரல்களை விற்கவில்லை, கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அதிலிருந்து 'நைட்ஸ்கவுட்' என்ற இலவச ஏற்பாடு பிறந்தது.

சியாட்டில் நகரில் தனியாக வசித்துவந்த டேனா லூயிஸ் என்ற இளம்பெண்ணின் பிரச்சினை வேறு. 14 வயதில் நோய் வந்தவர். ஆழ்ந்து தூங்குபவர். சர்க்கரை தாழும்போது சென்சார் எழுப்பும் சத்தம் அவரை எழுப்பப் போதவில்லை. சத்தத்தைக் கூட்ட முடியுமா என்று கேட்டதற்கு உருப்படியான பதில் கிடைக்கவில்லை. 2013ல் காஸ்டிக்கின் நிரலைப் பெற்று, நண்பர் ஸ்காட் லைப்ரண்டோடு சேர்ந்து பலத்த அலாரம் ஒன்றை உருவாக்கினார். பிறகு, சர்க்கரை எங்கே போகிறது என்று கணித்துச் சொல்லவும் அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். கணிக்க முடியுமென்றால் பம்புக்கு நேரடியாகவே உத்தரவிடலாமே? பழைய பம்ப் ஒன்றோடு எப்படிப் பேசுவது என்பதை பென் வெஸ்ட் என்ற இன்னொரு நோயாளி பல ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார். உள்ளங்கை அளவுக் கணிப்பொறி ஒன்று இரண்டையும் இணைத்தது. 2014 டிசம்பரில் டேனா லூயிஸ் தானே செய்த செயற்கைக் கணையத்தை அணிந்துகொண்டு தூங்கப் போனார். 2015ல் அதன் செய்முறை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது.

'நாங்கள் காத்திருக்கப் போவதில்லை' என்பது 2013ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த கூட்டம் ஒன்றில் பிறந்த கோஷம். விரைவில் அது ஓர் இயக்கமே ஆயிற்று. அமெரிக்க அரசு அனுமதி பெற்ற முதல் தானியங்கிக் கருவியான மெட்ரானிக்கின் 670ஜி வந்தது 2016 செப்டம்பரில். வீட்டு மேஜையில் செய்யப்பட்ட கருவி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

இதில் ஒரு முரண். வீட்டுத் தயாரிப்புக்குப் பலர் தேடி அலைந்தது பழைய மெட்ரானிக் பம்புகளைத்தான். வெளியிலிருந்து கம்பியில்லாமல் உத்தரவு ஏற்கும் பாதுகாப்பு ஓட்டை அவற்றில் இருந்தது. ஜே ராட்கிளிஃப் என்ற கணிப்பொறி நிபுணர் தன் இடுப்பிலிருந்த இன்சுலின் பம்பையே ஊடுருவ முடியும் என்று 2011ல் காட்டி அதிர வைத்திருந்தார். மெட்ரானிக்கின் பழைய பம்புகளை அதே வகை ஆபத்துக்காக 2019ல் நிறுவனம் திரும்பப் பெற்றது. ஓட்டை என்று ஒரு தரப்பு சொன்னதைக் கதவு என்று இன்னொரு தரப்பு பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதே ஆண்டு மே மாதம், அனுமதியற்ற இணைப்பு ஒன்றால் நோயாளிக்கு அளவுக்கு மீறி இன்சுலின் போன சம்பவத்தைச் சுட்டிக்காட்டி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

அச்சத்தில் நியாயம் உண்டு. இன்சுலின் அளவு மீறினால் கொல்லும் மருந்து. ஆனால் 2022ல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று விவாதத்தின் போக்கை மாற்றியது. ஏழு வயது முதல் எழுபது வயது வரை 97 பேர். ஒரு பாதிக்கு இந்தத் திறந்த நிரல் கருவி, மறு பாதிக்குத் தானியங்கி அல்லாத பம்பும் சென்சாரும். சர்க்கரை 70 முதல் 180 மில்லிகிராம் வரையிலான நல்ல எல்லைக்குள் இருந்த நேரம் முதல் பிரிவினருக்கு நாள்தோறும் 3 மணி 21 நிமிடம் அதிகம். மக்கள் தாமாகவே செய்துகொண்டது வேலை செய்கிறது என்பதற்கு முறையான சோதனையின் சாட்சி. 2023 ஜனவரியில் இந்த வழியில் வந்த ஒரு மென்பொருளுக்கு அமெரிக்க அரசே அனுமதி அளித்தது.

முழுத் தானியங்கி அல்ல

கருவியை மாட்டிவிட்டால் நோயை மறந்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள். இப்போதைய கருவிகளில் பெரும்பாலானவை பாதித் தானியங்கிகளே. இரவு நேரத்தை அவை அழகாகக் கவனித்துக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்தில்தான் சிக்கல். தோலுக்கு அடியில் செலுத்தும் இன்சுலின் வேலையைத் தொடங்கக் கால் மணி நேரமாவது ஆகும். முடிய நான்கு, ஐந்து மணி நேரம். வெந்த சோறோ அதற்குள் சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்துவிடும். எனவே சாப்பிடுவதற்கு முன்பே இத்தனை கிராம் மாவுச்சத்து என்று கருவிக்குச் சொல்ல வேண்டும்.

மேல்நாட்டு ரொட்டித் துண்டின் கணக்கு உறையிலேயே அச்சாகி இருக்கும். கல்யாணப் பந்தியில் இலை நிறைய விழும் சாதத்துக்கு எந்த உறை? வீட்டுக்கு வீடு அளவு மாறும் இட்லிக்கும் சப்பாத்திக்கும் தாயே கணக்குப் போட்டாக வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த உணவு ஆலோசகர் பெரிய நகரங்களைத் தாண்டிக் கிடைப்பது அரிது.

இன்னொரு ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை. பம்பில் இருப்பது விரைவில் வேலை செய்து விரைவில் தீரும் இன்சுலின் மட்டுமே. குழாய் மடங்கினாலோ ஊசி நழுவினாலோ உடம்பில் கையிருப்பு இல்லை. சில மணி நேரத்தில் ரத்தத்தில் அமிலம் சேரத் தொடங்கிவிடும். எனவே பம்ப் வைத்திருப்பவரும் கையில் ஊசியும் இன்சுலினும் வைத்திருக்க வேண்டும். எப்போது போடுவது என்று தெரிந்திருக்கவும் வேண்டும். போதாக்குறைக்கு நம் வெயில். வியர்வையில் சென்சாரின் பசை விட்டுப்போகிறது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலின் புட்டி மண்பானைக்குள் குளிர்ச்சி தேடுகிறது.

விலை வாசலில்

தானியங்கி பம்புகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. ஆனால் விலை லட்சங்களில். அது வாங்கும்போது ஆகும் செலவு மட்டுமே. மாதாமாதம் குழாய், இன்சுலின் குப்பி, சென்சார் என்று தொடரும். சில நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருட்கள்தான் குடும்பங்களை மடக்குகின்றன. கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சார் ஒன்று 2020ல் இங்கே பொது விற்பனைக்கு வந்தபோது அதன் விலை சுமார் 5,000 ரூபாய். ஆண்டுக்கு 26 வேண்டும். 1.3 லட்சம் ரூபாய். பம்ப் இல்லாமலே.

இந்தச் செலவில் காப்பீடு கைகொடுப்பது அபூர்வம். மருத்துவமனையில் படுத்தால்தான் பெரும்பாலான திட்டங்கள் பணம் தருகின்றன. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் அடிப்படையில் உள்நோயாளிகளுக்கானதே. குழந்தை அமிலம் ஏறி மயங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் செலவை ஏற்கும் ஏற்பாடு, அது அங்கே வராமல் தடுக்கும் சென்சாருக்கு ஒரு ரூபாய் தருவதில்லை. இதற்கிடையே சர்க்கரை நோயே இல்லாத வசதியான இளைஞர்கள், உணவு தங்கள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக இதே சென்சாரை ஒட்டிக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள்.

இங்கிலாந்தில் அரசின் நிபுணர் குழு செலவையும் பலனையும் கணக்குப் பார்த்து 2023 டிசம்பரில் இந்தக் கருவிகளைப் பரிந்துரைத்தது. 2024 ஏப்ரலில், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முன்னுரிமை தந்து, பொது மருத்துவத் துறை இலவசமாக வழங்கத் தொடங்கியது. பணக்கார நாட்டுக்கு முடியும் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் திட்டத்துக்குப் பெயரே 'மிட்டாயி'. முதல் வகை நோயுள்ள குழந்தைகளுக்கு இன்சுலின், அதைச் செலுத்தும் பேனா, அளக்கும் கருவி, ஆலோசனை என்று எல்லாம் இலவசம். சென்சார், பம்ப் போன்ற நவீன சாதனங்களுக்கும் அதில் இடமுண்டு. மாநில அரசு மனது வைத்தால் எதுவரை போகலாம் என்பதற்கு அது உதாரணம்.

செலவில்லாத காரியங்களும் உண்டு. அவையும் தாமதமாகவே நடந்தன. தேர்வறைக்குள் இந்தக் குழந்தைகள் பழமும் பிஸ்கட்டும் தண்ணீரும் கொண்டு போகலாம் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சொன்னது 2017ல். வகுப்பறையில் சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் அனுமதியுங்கள் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது 2023ல். சுற்றறிக்கை எத்தனை ஆசிரியர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம். பெண் குழந்தை என்றால் நோயை மறைக்கும் நிர்ப்பந்தமும் சேர்ந்துகொள்கிறது. நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயத்தில், உறவினர் வீட்டுக்குப் போனால் குளியலறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். இடுப்பில் பம்பும் கையில் வட்டமான சென்சாரும் எல்லோர் கண்ணிலும் படும். அதனாலேயே, வசதி இருந்தும் வேண்டாம் என்கிற வீடுகளும் உண்டு.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923ல் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து காஸ்டிக்கும் டேனா லூயிஸும் அதையே வேறு விதத்தில் செய்தார்கள். செயற்கைக் கணையத்தின் மூளை இன்று இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விலை அதிகமாக இருப்பது கண்ணும் கையும்தான், அதாவது சென்சாரும் பம்பும். உள்நாட்டில் மலிவாகச் செய்ய முயல வேண்டியதும், மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்க வேண்டியதும், காப்பீட்டில் சேர்க்க வேண்டியதும் அவற்றைத்தான்.

அதுவரை ஒரு வரிசையை மறக்கக் கூடாது. முதலில் மாவட்ட மருத்துவமனையில் தடையில்லாமல் இன்சுலின். அடுத்து, நாளைக்கு நாலு முறையாவது பார்க்கப் போதுமான பரிசோதனைப் பட்டைகள். பிறகு, தாயை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் சென்சாரும் பம்பும் வந்தால் அற்புதம் செய்யும். இல்லாத இடத்தில் எத்தனை லட்சம் போட்டு வாங்கினாலும், முதல் குழாய் அடைத்துக்கொள்ளும் நாளில் அது அலமாரிக்குப் போய்விடும். தாய் மறுபடியும் 2 மணிக்கு அலாரம் வைக்க வேண்டியதுதான்.